லேஞ்சியும் மாவுருண்டையும்

ஒதெல்லோ என்ற பெயர் அந்த நாடகத்தின் முதற் காட்சியில் ஓரிடத்திலும் உச்சரிக்கப்படுவதில்லை. வெனிஸ் நகரத் தெருவொன்றில் இருட்டில் நின்று இரண்டு பேர் பேசுவது முழுவதும் அவனைப் பற்றித்தான். உதட்டைச் சொல்லி ஏசுகிறார்கள், மிருகங்களின் பெயரால் அழைக்கிறார்கள், மற்ற நேரமெல்லாம் ‘மூர்’ என்கிறார்கள். துருக்கியரின் கப்பற்படை சைப்ரஸ் தீவை நோக்கி வருகிறது என்ற செய்தி கிடைத்து, வெனிஸுக்கு அவனுடைய வாள் தேவைப்படும் நேரத்தில், முதலாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் நகரத் தலைவரின் வாயிலிருந்துதான் அவன் பெயர் முதன்முதலாக வெளிவருகிறது.

க.பொ.த. உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்காக இந்நாடகத்தைப் படித்த பிள்ளைகள் சிலரிடம் இதைச் சொன்னபோது, நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதைப் போலப் பார்த்தார்கள். அவர்களுடைய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தேன். பொறாமை என்ற தலைப்பில் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் இருந்தன. துன்பியல் நாயகனின் குறைபாடு, அரிஸ்டாட்டில் அதற்கு வைத்த கிரேக்கப் பெயர், வெளித்தோற்றமும் உண்மையும், இயாகோவின் சூழ்ச்சி ஆகிய தலைப்புகளில் மனனம் செய்வதற்கு வாகாகக் கட்டுரைகள் இருந்தன. ‘மூர்’ என்ற சொல்லுக்கு ஓரத்தில் ஒரு குறிப்பு: வட ஆபிரிக்கர். அவ்வளவுதான். அந்தக் கொப்பிக்காரர்களில் மூவர் முஸ்லிம் பிள்ளைகள். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் என்ற கூட்டில் எழுதப்பட்டிருப்பதும் அதே சொல்தான். தமிழில் இலங்கைச் சோனகர் என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இலங்கை மூர்.

தன் இனப்பெயரையே தலைப்பில் தாங்கிய ஒரு நாடகத்தை இரண்டு வருடம் படித்து, அதில் நல்ல பெறுபேறும் எடுத்து, அது தன் பெயர்தான் என்பது தெரியாமலே ஒரு பிள்ளை வெளியேற முடிகிறதென்றால், அந்த வகுப்பறையில் நடந்தது என்ன? இதைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். பழியை வழக்கம்போல ரியூஷன் கடைகளின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நழுவவும் விரும்பவில்லை. எம்மவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் அந்தச் சொல். 1505இல் இக்கரைக்கு வந்த போர்த்துக்கேயர், ஐபீரியாவில் தாம் போரிட்டு விரட்டிய முஸ்லிம்களுக்கு வைத்திருந்த பெயரை அப்படியே கொண்டுவந்து கொழும்பு வர்த்தகர்களின் மேல் ஒட்டினார்கள். மொறோக்கோவில் இருந்தவனும் மூர், பேருவளையில் இருந்தவனும் மூர். அவர்களுக்குத் தெரிந்த வேறுபாடு அவ்வளவே. (கைக்குட்டைக்கு நாம் சொல்லும் ‘லேஞ்சி’யும் அவர்கள் விட்டுப்போன சொல்தான். ஒதெல்லோவை நம்மூர்ப் பேச்சில் படித்தால் கதையின் முக்கியமான இரண்டு சொற்களும் போர்த்துக்கேயப் பெட்டிக்குள்ளிருந்தே வருகின்றன.) 1604 நவம்பர் முதலாம் திகதி லண்டன் அரச மாளிகையில் இந்நாடகம் நடிக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அதற்கு 22 வருடங்களின் பின், 1626இல், இலங்கையில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து ‘மூர்’களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கில் குடியேற்றினான். மட்டக்களப்புப் பகுதி முஸ்லிம் ஊர்களின் வரலாறு பேசும் எவரும் இந்த ஆண்டைத் தொடாமல் போவதில்லை. பின்னர் 1880களில் பொன்னம்பலம் இராமநாதன் இச்சமூகத்தினர் இனத்தால் தமிழரே என்று வாதிட, ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் எழுதினார். சோனகரா முஸ்லிமா என்ற பெயர்ச் சண்டை அதற்குப் பிறகும் எமக்குள் ஓயவில்லை. ஒரு பெயர் ஒருவனுக்கு வெளியிலிருந்து சூட்டப்பட்டு, அவனே அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டு, பிறகு அதற்காகச் சண்டையும் பிடிக்கும் கதை எமக்குப் புதிதல்ல. ஒதெல்லோவின் கதையில் பாதி அதுதான்.

ஷேக்ஸ்பியருக்கும் இது வெறும் கற்பனைச் சரக்காக இருக்கவில்லை. 1600இல் மொறோக்கோ சுல்தான் அஹ்மத் அல் மன்சூரின் தூதர் அப்துல் வாஹித், முதலாம் எலிசபெத் அரசியைச் சந்திக்கத் தன் பரிவாரங்களோடு லண்டன் வந்து மாதக்கணக்கில் தங்கினார். தலைப்பாகையும் இடுப்பில் வாளுமாக அவரை வரைந்த ஓவியம் இன்று பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்தப் படத்தை வகுப்பில் ஒருமுறை காட்டினாலே போதும், ‘வட ஆபிரிக்கர்’ என்ற ஓரக்குறிப்புக்கு உயிர் வந்துவிடும். ஆனால் பரீட்சையில் ஓவியம் பற்றிக் கேள்வி வராதே!

இனி அந்தப் பொறாமைக் கட்டுரைக்கு வருவோம். ஏ.சி. பிராட்லி 1904இல் எழுதியதும், அவரைத் தாக்கி எப்.ஆர். லீவிஸ் 1937இல் எழுதியதும் ஒன்றையொன்று மறுப்பவை. ஒதெல்லோ இயல்பில் சந்தேகக்காரன் அல்லன் என்றார் முன்னவர். அவன் தன்னையே வியந்துகொண்டு ஏமாறத் தயாராக நின்றவன், இயாகோ வேலை செய்யத் தேவையே இருக்கவில்லை என்ற பாணியில் வாதாடினார் பின்னவர். எம் குறிப்புக் கொப்பிகளில் இருவரும் ஒரே பந்தியில் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் நாட்டில் லூடோவைக் போன்ற ஒரு பேராசிரியர் இருந்து ஷேக்ஸ்பியரை மேடையோடு சேர்த்துப் படிப்பித்தார். மாணவருக்கென்றே அவர் எழுதிய ஷேக்ஸ்பியர் நூல் 1962இல் கேம்பிரிட்ஜில் அச்சாகியது. அந்தப் பரம்பரையின் இறுதி விளைச்சல் போட்டோப்பிரதி எடுத்த ‘மாதிரி விடை’ என்றால் சிரிப்பதா அழுவதா?

நாடகத்தைத் திறந்து மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை மெதுவாகப் படியுங்கள். இயாகோ எதையும் நேரடியாகச் சொல்வதில்லை. ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்துகிறான். ஒதெல்லோ கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறான். சொல்ல மறுப்பதன் மூலம் சொல்ல வைக்கிறான். இதெல்லாம் எல்லாரும் எழுதுவதுதான். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. தன் ஊரவனை, தன் நிறத்தவனை, தன் தரத்தவனை விட்டுவிட்டு உன்னைப் போன்ற ஒருவனை ஒரு பெண் விரும்பியதே இயல்புக்கு மாறான காரியமல்லவா என்று இயாகோ கேட்கிறான். அதற்கு முன் முதலாம் அங்கத்தில், தான் பிறந்த குலத்தையும் தன் சேவையையும் பற்றித் தயங்காமல் பேசிய மனிதன், இப்போது தனியே நின்று தன் நிறத்தையும், தனக்கு நாகரிகப் பேச்சு வராததையும், தன் வயதையும் காரணங்களாக அடுக்கத் தொடங்குகிறான். பெயர் கெட்டதற்கு உவமை தேடும்போது அவன் கை தன் சொந்த முகத்தின் கறுப்பைத்தான் எடுக்கிறது. டெஸ்டிமோனாவைப் பற்றிய சந்தேகம் அதற்குப் பிறகு வேர்பிடிப்பதுதான். முதலில் அவன் நம்பியது, தன்னைப் பற்றி வெனிஸ் தெருவில் இருட்டில் பேசப்பட்டதை.

இதைப் பொறாமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்து ஒரு முஸ்லிம் பிள்ளையின் கையில் கொடுப்பது அநியாயம். 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களில் எமது ஊர்களில் வாழ்ந்த எவருக்கும் இந்தக் காட்சி விளங்கும். குண்டு வைத்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத மனிதர்கள், தம் உடுப்பையும் கடைப் பலகையையும் பிள்ளையின் பெயரையும் அயலவனின் கண்ணால் பார்க்கத் தொடங்கிய நாட்கள் அவை. சட்டம் சொல்வதற்கு முன்பே தம்மைத் தாமே சோதனையிட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

நான்காம் அங்கத்தின் முதற்காட்சி அதைவிட நெருக்கமானது. கண்ணால் கண்ட சாட்சி வேண்டும் என்று ஒதெல்லோ கேட்டிருந்தான். இயாகோ அவனை ஒளித்து நிற்கவைக்கிறான். தூரத்தில் காசியோ சிரிக்கிறான், கையை ஆட்டிக் காட்டுகிறான். காசியோ பேசுவது பியன்கா என்ற வேறொரு பெண்ணைப் பற்றி. ஒதெல்லோவுக்குச் சைகை தெரிகிறது, பேச்சு கேட்பதில்லை. பிறகு லேஞ்சி கண்ணில் படுகிறது. அவ்வளவுதான் வழக்கு. தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டுக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்தது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அது என்று கூச்சல் எழுந்தது. காசாளர் மேசையில் இருந்தவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். சிங்களம் சரியாக விளங்காத அவர், பயத்தில் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் காணொளியாகி நாடெல்லாம் ஓடியது. ஒப்புக்கொண்டுவிட்டான், கண்ணால் கண்டோம்! உணவகமும் நகரப் பள்ளிவாசலும் அன்றிரவே தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வு முடிவும் வந்தது. அது மாவுருண்டை. ஆனால் அதற்கிடையில் மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதி எரிந்துவிட்டது. அதற்கு உடனடிக் காரணம் வேறொன்று, ஒரு சாரதியின் மரணம். என்றாலும் தீ பிடிப்பதற்கான விறகு அம்பாறையிலிருந்தும் வந்தது.

சைகையைக் கண்டவன் சொல்லைக் கேட்கவில்லை. தலையாட்டலைக் கண்டவர்கள் மொழியைக் கேட்கவில்லை. மாவுருண்டையை லேஞ்சிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பில் முக்கால் மணி நேரம் பேச ஓர் ஆசிரியருக்கு என்ன தடை? சிங்களப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பென்றால் இன்னும் அவசியம். அரசியல் வேண்டாம் என்பார்கள். ஒதெல்லோவில் அரசியல் வேண்டாம் என்றால் மிஞ்சுவது ஒரு புருஷன் பெண்சாதிச் சண்டை. அப்படித்தான் 1693இல் தோமஸ் ரைமர் என்ற ஆங்கிலேயர் பரிகசித்தார்: நல்ல குடும்பத்துப் பெண்கள் கறுப்பர்களோடு ஓடிப்போகக் கூடாது, மனைவிமார் தம் துணிமணிகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், இதுவே நாடகத்தின் போதனை என்று. எம் மாதிரி விடைகள் ரைமரைப் பெயர் சொல்லாமல் பின்பற்றுகின்றன. அவருக்காவது அது பகிடி என்று தெரிந்திருந்தது.

இனி எம்மவர். இரண்டு வகையினர் இருக்கிறார்கள்.

முதல் வகையினர் இந்நாடகத்தையே பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பவர்கள். வாப்பாவுக்குத் தெரியாமல் மகள் நிக்காஹ் முடித்துக்கொண்டு போகிறாள், கட்டில் மேடைக்கு வருகிறது, ஆபாசமான பேச்சு இருக்கிறது என்பது அவர்களின் முறைப்பாடு. இந்த முறைப்பாட்டுக்குப் பயந்து பக்கங்களைத் தாண்டிச் செல்லும் ஆசிரியர்களை அறிவேன். ஆபாசம் முழுவதும் யாருடைய வாயில் இருக்கிறது என்று இவர்கள் கவனித்ததில்லை. அது இயாகோவின் வாயில் இருக்கிறது. அவதூறு சொல்பவன் எப்படிப் பேசுவான் என்பதை அறியாமல் அவதூறை எப்படி இனங்காண்பது?

அதைவிட, இந்த நாடகத்தைப் படிப்பிக்க இங்கிலாந்தின் எந்தப் பரீட்சகருக்கும் கிடைக்காத ஒரு திறவுகோல் ஒரு முஸ்லிம் ஆசிரியரின் கையில் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சொல்லப்பட்ட இஃப்க் என்னும் இட்டுக்கட்டு. பயணத்தில் தொலைந்த ஒரு மாலை, அதைத் தேடப்போய்ப் பின்தங்கியமை, அழைத்துவந்த ஒரு ஸஹாபி, மதீனாவில் அதை ஊதிப் பெருப்பித்த நாவுகள், ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்த துயரம். சூறத்துந் நூர் அந்த அவதூறை முறியடித்ததோடு, செவியுற்றவுடனேயே விசுவாசிகள் ஏன் நல்லெண்ணம் கொள்ளவில்லை என்றும் கண்டித்தது. கற்புள்ள பெண் மீது பழி சொல்பவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவராவிட்டால் எண்பது கசையடி, அவன் சாட்சியம் அதன் பின் ஏற்கப்படாது. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள், வீட்டுப் பணிப்பெண் பரீராவைக் கேட்டார்கள், பொறுத்திருந்தார்கள். நாடகத்தில் ஒதெல்லோவும் பணிப்பெண் எமிலியாவைக் கேட்கிறான். அவள் தன் ஆன்மாவைப் பணயம் வைத்து டெஸ்டிமோனாவின் தூய்மைக்குச் சாட்சி சொல்கிறாள். அவன் அதைத் தட்டிவிட்டு, ஒரு லேஞ்சியை ஏற்றுக்கொள்கிறான். இதை ஒப்பீடாகச் சொல்லவில்லை, அப்படி ஒப்பிடுவது அதபும் அல்ல. நேர் எதிரான இரண்டு வழிகளை ஒரு பிள்ளை அருகருகே பார்க்கட்டும் என்கிறேன். ஆபாசம் என்று ஒதுக்குபவர்கள் சூறத்துந் நூருக்கு இதைவிட நல்ல விளக்கவுரை ஒன்றை ஆங்கில இலக்கியத்தில் காட்டட்டும் பார்ப்போம்.

இரண்டாவது வகையினர் எமது இலக்கியக்காரர்கள். ‘ஒதெல்லோ எங்கள் ஆள்’ என்பவர்கள். வெள்ளையனின் மேடையில் ஒரு முஸ்லிம் தளபதி என்று பெருமைப்படுபவர்கள். 1912இல் இந்நாடகத்தை அரபியாக்கிய கலீல் முத்ரானும் அந்தப் பெயருக்கு அரபு வேர் கண்டு ‘உதைல்’ என்றே தலைப்பிட்டார். ஆசை விளங்குகிறது. ஆனால் பிரதியைப் படிக்க வேண்டும். ஒதெல்லோ ஞானஸ்நானம் பெற்றவன். அது இரண்டாம் அங்கத்தில் இயாகோவின் வாயாலேயே வருகிறது. இறுதியில், தன்னைக் குத்திக்கொள்ளும் முன் அவன் சொல்லும் கடைசிக் கதை என்ன? ஹலப் நகரில் வெனிஸ்காரன் ஒருவனை அடித்த, தலைப்பாகை கட்டிய, சுன்னத் செய்த ஒரு துருக்கியனைக் கழுத்தில் பிடித்து வெட்டிய கதை. அவனை நாய் என்றும் சொல்கிறான். அதைச் சொல்லிக்கொண்டே அதே போலத் தன்னைக் குத்துகிறான். வெனிஸின் சிப்பாயும் அவனே, வெட்டப்படும் துருக்கியனும் அவனே. உலக நாடகத்தில் ஒரு முஸ்லிம் வாசகன் நின்று மூச்சுவாங்க வேண்டிய இடம் ஒன்று இருக்குமானால் அது இதுதான். ‘எங்கள் ஆள்’ என்ற கூச்சலில் அது கேட்பதே இல்லை. தய்யிப் ஸாலிஹ் 1966இல் எழுதிய நாவலில் லண்டன் சென்ற சூடானியன் ஒருவன் தன்னை ஒதெல்லோ என்று காட்டிக்கொண்டு உலவி, பின்னர் அந்த வேடத்தையே பொய்யென்று தள்ளுகிறான். எமது விமர்சகர்கள் ஒதெல்லோ பற்றி எழுதும் முன் அதையாவது வாசித்திருக்கலாம்.

இந்த ‘எங்கள் ஆள்’ வாதம் இன்னொரு பெரிய அநியாயத்தையும் செய்கிறது. கட்டிலில் ஒரு பெண் பிணமாகக் கிடக்கிறாள். அவளைக் கொன்றவன் புறக்கணிக்கப்பட்டவன், ஏமாற்றப்பட்டவன், அந்நியன். எல்லாம் உண்மை. அவள் செத்தது அதைவிட உண்மை. அவன் மேல் இனவெறி பாய்ந்தது என்பதைப் படிப்பிக்கும் அதே வாயால், மனைவியின் பேச்சைக் கேளாமல் அவளைத் தண்டிக்கும் அதிகாரம் தனக்கு உண்டென்று அவன் எங்கிருந்து எடுத்துக்கொண்டான் என்பதையும் படிப்பிக்க வேண்டும். எமது சமூகத்தின் மேல் வெளியார் சொல்லும் அவதூறைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எமது வீடுகளுக்குள் ஒரு பெண்ணைப் பற்றி ஒருவன் சொன்ன சொல்லுக்காக அவள் படிப்பை நிறுத்தியவர்கள், பேசாமல் ஒதுக்கியவர்கள் பற்றி எத்தனை கதை எழுதியிருக்கிறோம்? 

நான்காம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் எமிலியா கணவன்மாரைப் பற்றி ஒரு நீண்ட பேச்சுப் பேசுகிறாள். மனைவியருக்கும் கணவரைப் போலவே கண்ணும் நாவும் உணர்வும் உண்டு, அவர்கள் தவறினால் அது தம்மிடம் கற்ற பாடம் என்று கணவன்மார் அறியட்டும் என்பது அதன் சாரம். 1622இல் நாடகம் முதன்முதலாக அச்சானபோது அந்தப் பேச்சு அதில் இருக்கவில்லை. மறு வருடம் வந்த பெரிய தொகுப்பில்தான் இருக்கிறது. முதற் பதிப்பில் ஏன் இல்லை என்று அறிஞர்கள் இன்னும் தர்க்கிக்கிறார்கள். எம் வகுப்புகளில் ஏன் இல்லை என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. எமிலியாவும் சுத்தமானவள் அல்லள். லேஞ்சியை எடுத்துக் கணவனிடம் கொடுத்தவள் அவளே. டெஸ்டிமோனா அதைத் தேடித் தவிக்கும்போது வாய் திறக்காமல் நின்றவளும் அவளே. கடைசியில் பேசுகிறாள், அதற்காகக் கணவனின் கையாலேயே சாகிறாள். ஊர் வாய்க்குப் பயந்து உண்மையைக் காலம் தாழ்த்திச் சொல்பவர்களின் கதை அதில் அப்படியே இருக்கிறது.

இன்னுமொரு விடயம். இந்தப் படிப்பு ஆங்கில இலக்கியம் எடுக்கும் சிலரோடு நின்றுவிடுகிறது. எமது முஸ்லிம் பாடசாலைகளில் உயர்தரத்துக்கு அந்தப் பாடம் எடுப்பவர்கள் மிகச் சிலர். தமிழ் இலக்கியம் படிக்கும் பெருந்தொகையான பிள்ளைகளுக்கு இந்நாடகத்தின் வாசனையே இல்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ வெளிவந்தது 1926இல். காரைதீவுக்கு அடுத்த ஊர் சாய்ந்தமருது. ஒரு நூற்றாண்டாகியும் அந்தச் சில கட்டை தூரத்தை எம் வகுப்பறைகள் கடக்கவில்லை.

அதற்கும் முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்தின் அ. மாதவையா ஒதெல்லோவைத் தமிழாக்கியிருக்கிறார். தலைப்பைப் பாருங்கள்: ‘உதயலன் என்னும் கொற்கைச் சிங்களவன்’. வெனிஸ் கொற்கையாயிற்று, மூர் சிங்களவனாயினான்! தமிழ் மண்ணில் அந்நியனாக நிற்கும் வீரன் ஒருவனைத் தேடிய மாதவையாவின் கண்ணுக்குப் பட்டவன் சிங்களவன். அவர் எழுதிய காலத்தில் அந்தச் சொல்லில் இன்றைய இரத்தக் கறை இருந்திருக்காது. ஆனால் அந்நியன் என்ற கதிரையில் யாரை வேண்டுமானாலும் தூக்கி உட்கார வைக்கலாம் என்பதை அந்தத் தலைப்பு ஒரு வரியில் காட்டிவிடுகிறது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் கதிரையில் யார் உட்கார வைக்கப்பட்டார்கள், அவர்களுக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கப்பட்டது என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எமது எழுத்தாளர்களில் ஒருவர் இந்நாடகத்தின் இரண்டு காட்சிகளையாவது, மூன்றாம் அங்கத்தின் மூன்றாவதையும் நான்காம் அங்கத்தின் கடைசியையும், கிழக்கிலங்கைப் பேச்சுத் தமிழில் பாடசாலை மேடைக்கு ஏற்றதாகத் தர வேண்டும். எமிலியாவின் பேச்சை வெட்டக் கூடாது. தலைப்பில் வரும் அந்தச் சொல்லுக்குக் கறுப்பன் என்று போடுவதா, மூர் என்றே விடுவதா என்று மொழிபெயர்ப்பவர் யோசிப்பார். சோனகன் என்று போடட்டும். இயாகோ அந்தச் சொல்லைத் துப்பும்போது மண்டபத்தில் மூன்று இனத்துப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். திரை விழுந்த பிறகு ஆசிரியர் ஒரேயொரு கேள்வி கேட்டால் போதும். டெஸ்டிமோனா சைப்ரஸுக்கு வந்தது ஒரு கப்பலில், காசியோ வந்தது இன்னொரு கப்பலில். வந்திறங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. சொல்லப்பட்ட குற்றம் எப்போது நடந்திருக்கும்? ஒதெல்லோ அந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் பார்க்கட்டும்.